சேற்றுக் கிருமியின் வம்ச வரலாறு



ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடுவதில்லை. வாய்க்கால் நிரம்பும். வாசலில் செம்மண் சேறாகும். தோட்டத்து லயத்தை விட்டு நகர்ப்புறத்துக் குடியிருப்புக்கு வந்துவிட்ட குடும்பமாக இருந்தாலும் மண்ணோடுள்ள பழக்கம் நம்மை விட்டுப் போவதில்லை. வீட்டு ஓரத்தில் நாலு வாழை, ஒரு முருங்கை, கொஞ்சம் மரவள்ளி இருக்கத்தான் செய்யும்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். வீட்டுப் பெரியவருக்கு ஐம்பத்தைந்து வயது. முப்பது ஆண்டு பால்வெட்டி, பிறகு செம்பனைக் குலை வெட்டியவர். இனிப்பு நீர் உண்டு. மழையில் அடைபட்ட வாய்க்காலை வெறுங்காலோடு இறங்கி மண்வெட்டியால் வெட்டிவிடுகிறார். காலில் சிறு கீறல். இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி. சாதாரணக் காய்ச்சல் என்கிறார் ஒருவர், எலும்புருக்கி நோயாக இருக்கும் என்கிறார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரரோ, "பன்றி வளர்க்கிற இடத்துப் பக்கம் போனாரா?" என்று கேட்கிறார்.

இந்தப் பெரியவர் நம் கற்பனையில் பிறந்தவர்தான். ஆனால் அவருக்கு வந்திருக்கக்கூடிய நோய் கற்பனை அல்ல. அதன் பெயர் மெலியோய்டோசிஸ். மனிதனையும் பிடிக்கும், பன்றியையும் பிடிக்கும். ஆட்டையும் விடாது. இந்த நோய்க் கிருமி எங்கிருந்து வருகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை அறிய மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டு அலைந்தது. கடைசியில் கிருமியின் பரம்பரையையே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் பல சந்தேகங்கள் தீர்ந்தன. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் காணப்போகிறோம். இதில் தோட்டத் தொழிலாளர்களாகிய நமக்கும் ஒரு பக்கம் உண்டு.

கதை இரங்கூனில் தொடங்குகிறது. 1911ஆம் ஆண்டு. அந்நாளில் இரங்கூன் நகரம் கடல் கடந்து பிழைக்க வந்த இந்தியத் தொழிலாளர்களால் நிரம்பியிருந்தது. அங்குள்ள பொது மருத்துவமனையில் நோய்க்கூறு ஆய்வாளராக இருந்தவர் ஆல்பிரெட் விட்மோர். அவருக்கு உதவியாக இருந்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. பெயரைக் கேட்டாலே நம் பக்கத்து மனிதர் என்ற நெருக்கம் தோன்றுகிறது அல்லவா?

இறந்தவர்களின் உடலை அறுத்து ஆராய்வது அவர்களுடைய வேலை. இறந்தவர்களில் பலர் ஏழைகள். மார்பின் என்னும் போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு அடிமையானவர்கள். அவர்களுடைய நுரையீரலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் இருந்தன. பார்த்தால் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற கொடிய நோயைப் போலவே இருந்தது. ஆனால் இறந்தவர்கள் குதிரையோடு பழகியவர்கள் அல்லர்.

இருவரும் சீழிலிருந்து கிருமியை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். குதிரை நோய்க் கிருமி அசையாமல் கிடக்கும். இதுவோ துள்ளி நீந்தியது. வளர்ப்புத் தட்டில் அதைவிட வேகமாகச் செழித்தும் வளர்ந்தது. எனவே இது அதன் உறவாக இருக்கலாம், ஆனால் அதுவே அல்ல என்று முடிவு செய்து, 1912இல் இந்திய மருத்துவ கெஜட்டில் இருவர் பெயரிலும் எழுதினார்கள். 1917இல் கிருஷ்ணசாமி தனியாக எழுதியபோது இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிக் கூற முடிந்தது. ஊசி போட்டுக்கொள்பவர்களின் நோய் என்றே அப்போது எண்ணினார்கள். ஆக, முதற்பழி ஊசியின் மேல் விழுந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1913இல் ஆய்வுக்காக வளர்த்த கினிப்பன்றிகளும் முயல்களும் திடீரென்று சாகத் தொடங்கின. கினிப்பன்றி என்றால் நாம் அறிந்த பன்றி அல்ல. எலி இனத்தைச் சேர்ந்த சிறு பிராணி. அவற்றைக் கொன்றது இரங்கூனில் கண்ட அதே கிருமி என்று பின்னர் தெளிவாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1917இல், மலாயாவில் மனிதனிடமும் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மனிதர் ஒரு தமிழ் ரப்பர் தோட்டத் தொழிலாளி.

நேயர்களே, இங்கே சற்று நிற்போம். மலாயாவின் மருத்துவ ஏடுகளில் இந்த நோயின் முதல் பக்கத்தில் இருப்பவர் நம்மவர். காட்டை அழித்து, சேற்றை மிதித்து, கன்று நட்டு, வாய்க்கால் வெட்டியவர்களில் ஒருவர். அந்நாளில் தோட்டத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா என்பார்கள், கொய்னா கொடுப்பார்கள். அதற்கும் இறங்காமல் இறந்தவர்களில் எத்தனை பேரை இந்தக் கிருமி கொண்டுபோயிற்றோ, கணக்கு வைப்பார் யாரும் இல்லை.

கோலாலம்பூரில் இந்நோயை ஆராய்ந்தவர்கள் ஸ்டாண்டன், பிளெட்சர் என்ற இரு மருத்துவர்கள். 1921இல் இதற்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டவர்கள் அவர்களே. கிரேக்க மொழியில் கழுதைகளுக்கு வரும் ஒரு நோயின் பெயரோடு "அதைப் போன்றது" என்ற சொல்லைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. 1932இல் இருவரும் இந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். அதுவரை கண்டறியப்பட்ட நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனவர்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு, எலிதான் காரணமாக இருக்கும் என்று அவர்கள் கருதினார்கள். ஊசியின் மேல் இருந்த பழி எலியின் மேல் இறங்கியது.

அடுத்துப் பன்றியின் முறை. மலாயாவில் இறைச்சிக்காக அறுக்கப்பட்ட பன்றிகளின் உடலில் இதே சீழ்க்கட்டிகள் தென்பட்டன. 1962இல் ஓமார், சியா, மகேந்திரநாதன் என்னும் மூவர், மலாயாவில் பன்றிகளுக்கு வரும் மெலியோய்டோசிஸ் பற்றிப் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ இதழில் விரிவாக எழுதினார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று இனப் பெயர்களும் ஒரே கட்டுரையின் தலைப்பில் இருப்பதைப் பார்க்கும்போது நமக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. 1981இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலும் பெரிய பன்றிப் பண்ணைகளில் இந்நோய் பரவியது.

பன்றிக்கும் மனிதனுக்கும் ஒரே நோய் என்றால், பன்றியிடமிருந்துதான் மனிதனுக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. நம் நாட்டு மக்கள் அப்படி நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா நோய் வந்ததை யார் மறப்பார்? ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை பரவி 105 உயிர்களைக் கொண்டுபோயிற்று. இறந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் உழைத்தவர்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

ஆனால் நிப்பா, பாக்டீரியா அல்ல, வைரஸ். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்தது. தொடக்கத்தில் அதைக் கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் என்று எண்ணி, கொசுமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் அந்த வைரசைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கிருமியைச் சரியாக அடையாளம் காணாமல் கழியும் ஒவ்வொரு வாரமும் உயிரின் கணக்கில் சேர்கிறது என்பதை அந்த நிகழ்ச்சி நமக்குக் காட்டியது. நிப்பாவில் பன்றியின் மேல் விழுந்த சந்தேகம் சரியானது. மெலியோய்டோசிசிலும் அப்படித்தானா?

இந்தக் கேள்விக்கான விடையின் முதற்பாதி மண்ணிலிருந்து வந்தது. 1955இல் வியட்நாமில் பணியாற்றிய சாம்போன் என்ற பிரெஞ்சுக்காரர், சேற்றிலும் நீரிலுமே இந்தக் கிருமி வாழ்வதைக் கண்டார். 1960களில் ஸ்ட்ராஸ் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் மலேசியாவில் பல இடங்களில் நீரும் மண்ணும் எடுத்துச் சோதித்து, 1969இல் முடிவை வெளியிட்டார்கள். கன்னிக் காட்டில் கிருமி மிகக் குறைவு. காடு வெட்டித் திருத்திய நிலத்தில், குறிப்பாக நீர் தேங்கும் நெல்வயலில், அதிகம். மனிதன் மண்வெட்டியோடு போன இடமெல்லாம் இந்தக் கிருமி அவன் காலடியில் இருந்தது என்பதே இதன் பொருள்.

சரி, மண்ணில் கிருமி இருக்கிறது, பன்றியிலும் மனிதனிலும் இருக்கிறது. மூன்றும் ஒரே கிருமிதானா? ஒருவரிடம் கண்ட கிருமி எந்த இடத்திலிருந்து வந்தது? நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். இங்கேதான் மரபணு வகைப்பாடு என்ற கலை உதவிக்கு வருகிறது. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத செய்தி அல்ல.

ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் மரத்தை நம்மில் பலர் அறிவோம். அது ஒட்டுமரம். ஒரே தாய்மரத்தின் மொட்டை எடுத்து ஆயிரமாயிரம் கன்றுகளில் ஒட்டி வளர்த்தார்கள். அதனால் கூலாயில் நிற்கும் ஆர்ஆர்ஐஎம் 600ம் குளுவாங்கில் நிற்பதும் ஒரே மரம் என்றே சொல்லிவிடலாம். இலையிலும் பட்டையிலும் ஒரே சாயல் இருக்கும். விதை போட்டு முளைத்த மரங்களோ அப்படியல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பழகிய தொழிலாளி பார்த்தவுடனே வகையைச் சொல்லிவிடுவார்.

பாக்டீரியாவும் ஒட்டுமரத்தைப் போலத்தான் பெருகுகிறது. ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு நான்காகும். பிள்ளை தாயின் அச்சாகவே இருக்கும். ஆனால் மரபணு என்ற நீண்ட எழுத்துத் தொடரைப் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அந்தப் பிழை அதன் வழிவந்த எல்லாவற்றிலும் தொடரும். பல தலைமுறைகள் கழித்து இரண்டு கிருமிகளின் எழுத்துகளை ஒப்பிட்டால், அவை அண்ணன் தம்பியா, தூரத்து உறவா என்று கண்டுகொள்ளலாம்.

இதை அறிய 1990களில் கையாண்ட முறை ஒன்று. கிருமியின் மரபுப் பொருளைக் குறிப்பிட்ட இடங்களில் நறுக்கும் ஒரு நொதியால் துண்டு துண்டாக்குவார்கள். துண்டுகளைக் கஞ்சிப்பசை போன்ற கூழில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். சிறு துண்டு முன்னே ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். இறுதியில் கோடு கோடாக ஓர் அமைப்புத் தெரியும். அது கைரேகையைப் போன்றது. இரண்டு கிருமிகளின் ரேகை ஒத்திருந்தால் அவை ஒரே வகை எனலாம்.

ரேகை நன்றாக இருந்தாலும், ஓர் ஊரில் எடுத்ததை மற்றோர் ஊரில் எடுத்ததோடு ஒப்பிடுவது கடினமாக இருந்தது. 2003இல் கோடோய், ஸ்பிராட் முதலிய ஆய்வாளர்கள் எளிய வழியொன்றைக் கொண்டுவந்தார்கள். கிருமியின் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் அது உயிர்வாழ இன்றியமையாத ஏழை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து, ஒவ்வொரு எழுத்துக்கோப்புக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஏழு மரபணுவுக்கு ஏழு எண். அந்த ஏழும் சேர்ந்ததுதான் கிருமியின் வகை. பெரட்டுக் களத்தில் கிராணி படிக்கும் செக்ரோல் எண்ணைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் கண்ட எண்ணைப் பாங்காக்கிலோ டார்வினிலோ உள்ளவர் தம் பட்டியலில் உடனே தேடிப் பார்க்கலாம்.

இந்த ஏழு எண்கள் முதலில் வெளிப்படுத்திய செய்தி என்ன தெரியுமா? குதிரை நோயான கிளாண்டர்சின் கிருமி வேறு குலம் அல்ல. சேற்றுக் கிருமியின் பரம்பரையில் பிறந்த ஒரே ஒரு கிளைதான். 2004இல் இரு கிருமிகளின் மரபுத் தொடரும் முழுமையாகப் படிக்கப்பட்டபோது இது உறுதியாயிற்று. சேற்றுக் கிருமிக்கு இரண்டு குரோமோசோம்கள், ஏறக்குறைய 72 லட்சம் எழுத்துகள். குதிரைக் கிருமிக்கோ 58 லட்சம்தான். விலங்கின் உடலுக்குள்ளேயே தங்கிவிட்டதால், மண்ணில் பிழைக்கத் தேவையான பலவற்றை அது இழந்துவிட்டது. விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்ணால் கண்டு, "உறவு, ஆனால் அதுவே அல்ல" என்று சொன்னது தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுத்துச் சாட்சியோடு மெய்ப்பட்டது.

இனிப் பன்றியின் வழக்குக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் ஒரு பண்ணைப் பன்றிகளுக்கு மெலியோய்டோசிஸ் கண்டது. அவற்றின் கிருமிகளை வகைப்படுத்தியபோது எல்லாம் ஒரே வகையாக இருந்தன. பண்ணைக்குக் குழாய்க் கிணற்றிலிருந்து வந்த நீரே அவற்றுக்கு நோயைக் கொடுத்திருக்கலாம் என்று 2007இல் வெளியான ஆய்வு கூறியது. அதைவிட வியப்பான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. ஒரே வகைக் கிருமி பிடித்தும், எல்லாப் பன்றிகளுக்கும் நோய் ஒரே மாதிரியாக இல்லை. கிருமியின் வகையைப் பொறுத்து மட்டும் நோய் அமைவதில்லை, அது புகுந்த உடலையும் பொறுத்தது என்று இதனால் விளங்குகிறது.

ஆகவே வழக்கின் தீர்ப்பு இதுதான். பன்றி குற்றவாளி அல்ல. நம்மைப் போலவே பாதிக்கப்பட்டது. பன்றியும் மனிதனும் ஒரே சேற்றை மிதித்து, ஒரே நீரைக் குடித்து, ஒரே கிருமிக்கு இரையாகிறார்கள். நோயுற்ற விலங்கிடமிருந்து மனிதனுக்கு வருவது மிக அரிது. மனிதனிடமிருந்து மனிதனுக்கு வருவதும் அப்படியே. எனவே நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டிய தேவையும் இல்லை, பன்றி வளர்ப்பவரைப் பழிக்க வேண்டிய தேவையும் இல்லை.

இந்த வம்ச வரலாறு இன்னும் நெடுந்தூரம் செல்கிறது. உலகின் பல பகுதிகளில் எடுத்த கிருமிகளின் மரபுத் தொடரை ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இக்கிருமியின் பழைய வேர் ஆஸ்திரேலியாவில் இருந்தது. அங்கிருந்து தென்கிழக்காசியாவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு 1650க்கும் 1850க்கும் இடைப்பட்ட காலத்தில் போயிருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. அதுதான் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கிக் கப்பலேற்றிய காலம். மனிதனைக் கட்டிக் கொண்டுபோன கப்பலிலேயே இந்தக் கிருமியும் போயிருக்கலாம். கப்பலேறி வந்த பரம்பரையாகிய நமக்கு இது வெறும் அறிவியல் செய்தியாக மட்டும் படுவதில்லை.

அண்மையில் நடந்த ஒன்றையும் சொல்வோம். 2021இல் அமெரிக்காவில் நான்கு வெவ்வேறு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியோய்டோசிஸ் வந்தது. இருவர் இறந்தனர், அவர்களில் ஒன்று குழந்தை. நால்வரும் வெளிநாடு போனவர்கள் அல்லர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் நால்வரிடமும் இருந்த கிருமியின் மரபு எழுத்து ஒன்றாக இருந்தது. அதுவும் தெற்காசிய வகையை ஒத்திருந்தது. எனவே தெற்காசியாவிலிருந்து வந்த ஏதோ ஒரு பொருள்தான் காரணம் என்று தேடினார்கள். ஒரு நோயாளியின் வீட்டில் இருந்த, இந்தியாவில் செய்யப்பட்ட நறுமணத் தெளிப்புக் குப்பி ஒன்றில் அதே கிருமி அகப்பட்டது. குப்பிகள் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வகைப்பாடு இல்லையென்றால் இந்த நான்கு மரணப் போராட்டங்களும் நான்கு தனிக் கதைகளாகவே முடிந்திருக்கும்.

நேயர்களே, தம்போய் வீட்டுப் பெரியவரை மறந்துவிடவில்லை. அவரிடமே திரும்புவோம்.

ஜொகூர் பாரு மருத்துவர்கள் தாங்கள் கண்ட மெலியோய்டோசிஸ் நோயாளிகளைப் பற்றி 2005இல் மலேசிய மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எங்கோ சயாமிலும் வியட்நாமிலும் உள்ள நோய் இது என்று நாம் இருந்துவிட முடியாது. எந்த நாட்டுக் கணக்கை எடுத்தாலும் இந்நோய்க்கு ஆளானவர்களில் நீரிழிவுக்காரர்களே முன்னிற்கிறார்கள். நம் சமூகத்தில் இனிப்பு நீர் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே கிருமி, ஒரு பன்றிக்கு இலேசாகவும் மற்றொன்றுக்குக் கடுமையாகவும் வந்தது என்று பார்த்தோம். மனிதரிலும் அப்படியே. உடலில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குக் கீறல் வழியே புகுந்த கிருமி இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

2010இல் பகாங் மாநிலத்து லுபோக் யூ என்ற நீர்வீழ்ச்சிப் பகுதியில், நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கே மெலியோய்டோசிசும் எலிக்காய்ச்சலும் பற்றி உயிர்ச்சேதம் ஏற்பட்டது. சேற்று நீரில் இறங்கியதுதான் அவர்கள் செய்தது.

இந்தக் கிருமிக்கு இன்னொரு குணமும் உண்டு. உடலுக்குள் ஒளிந்து பல ஆண்டுகள் கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்கு, 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டதாக 2005இல் செய்தி வந்தது. அதே போரின்போது நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களை நினைத்துப் பார்க்கிறோம். மழையிலும் சேற்றிலும் வெறுங்காலோடு மண் சுமந்தவர்கள் அவர்கள். திரும்பி வந்து பல ஆண்டுகள் கழித்துக் காரணம் தெரியாத காய்ச்சலில் இறந்தவர்கள் அவர்களில் இருந்தார்களா என்று இனி யார் சோதித்துச் சொல்ல முடியும்?

மருந்து இல்லாத நோயா என்றால், இல்லை. சாதாரணமாகக் கொடுக்கும் பெனிசிலின் இதற்குப் பலிக்காது. ஆனால் செஃப்டசிடைம் என்ற ஊசிமருந்தைத் தாய்லாந்தில் சோதித்து 1989இல் முடிவு வெளியிட்டார்கள். கடுமையான நோயாளிகளில் நூற்றுக்கு 74 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி 37ஆகக் குறைந்தது. ஊசி முடிந்த பிறகு மூன்று மாதமாவது மாத்திரை சாப்பிட வேண்டும். இங்கேயும் மரபணு வகைப்பாடு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. குணமாகி மீண்டும் நோயுற்ற 116 பேரைத் தாய்லாந்தில் ஆராய்ந்தார்கள். முதல் கிருமியையும் இரண்டாம் கிருமியையும் ஒப்பிட்டபோது, நான்கில் மூன்று பங்கினரிடம் இருந்தது பழைய கிருமியேதான். புதிதாக மண்ணிலிருந்து வந்தது மீதி ஒரு பங்குக்குத்தான். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவது எத்தனை ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சிலவே. சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் அணிய வேண்டும். மண்ணை அள்ளக் கையுறை வேண்டும். காலில் புண்ணோ கீறலோ இருந்தால் இறங்காமல் இருப்பதே நல்லது. இறங்க நேர்ந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி மூடிவைக்க வேண்டும். கிணற்று நீரையும் ஆற்று நீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். ஆடு, பன்றி வளர்ப்பவர்கள் நோயுற்ற விலங்கின் புண்ணையும் சீழையும் வெறுங்கையால் தொடக்கூடாது; அதன் இறைச்சியையும் பயன்படுத்தக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இனிப்பு நீர் உள்ளவர்கள் மருந்தைத் தவறவிடக்கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் காய்ச்சல் வந்து நாலைந்து நாளில் விடவில்லை என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். போனால் வாய்மூடி உட்காரவேண்டாம். "நான் சேற்றில் இறங்கி வேலை செய்தேன், எனக்கு இனிப்பு நீர் உண்டு" என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அந்தச் சோதனையில் இக்கிருமி வெளிப்படலாம். வெளிப்பட்டால் சரியான மருந்து கிடைக்கும். பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி அல்ல இது. நம் வீட்டுப் பிள்ளைகளும் தகப்பனாரோடு கூடப் போய்க் கேட்கலாம்.

1917இல் அந்தத் தமிழ்த் தொழிலாளிக்கு என்ன நோய் என்றே உலகத்துக்குச் சரியாகத் தெரியாது. மெலியோய்டோசிஸ் என்ற பெயர்கூட அப்போது இல்லை. இன்று பெயர் உண்டு, ஏழு எண்களால் ஆன அடையாளம் உண்டு, மருந்தும் உண்டு. தம்போயில் மழை இனியும் பெய்யும். வாய்க்கால் இனியும் அடைபடும். அதை வெட்டிவிட யாராவது ஒருவர் இறங்கத்தான் வேண்டும். இறங்குபவர் காலில் பூட்ஸ் இருக்கிறதா என்று வீட்டிலுள்ளவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.